பயப்பட வேண்டிய இடம் வேறு: கதிர்வீச்சோடு வேலை செய்கிறவனின் அனுபவம்

கோவையில் வால்வு, பம்ப் காஸ்டிங் செய்யும் ஃபவுண்டரிகளுக்கு ரேடியோகிராஃபி எடுத்துக் கொடுப்பது என் தொழில். உருக்கி ஊற்றிய இரும்புக்குள் குமிழி நின்றுவிட்டதா, விரிசல் ஓடுகிறதா என்று உடைக்காமல் பார்க்க வேண்டும். அதற்கு இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளைப் பயன்படுத்துகிறோம். கணபதி, குறிச்சி, அரசூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஃபவுண்டரிக்காரர்கள் இதை 'எக்ஸ்ரே எடுக்கிறது' என்றுதான் சொல்வார்கள். சொந்தக்காரர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி 'ரேடியேசன் வேலை' என்பார்கள்.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆபத்தே இல்லாத இடத்தில் நம் ஜனங்கள் நடுங்குகிறார்கள். உண்மையிலேயே விலகி ஓட வேண்டிய இடத்தில் கை நீட்டித் தொட்டுப் பார்க்கிறார்கள். கதிர்வீச்சு இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதால் வரும் வினை இது. எவ்வளவு, எத்தனை நேரம், எத்தனை தூரத்தில், மேலே பட்டுப் போகிற கதிரா, உடம்பில் ஒட்டிக்கொள்கிற பொருளா என்ற கேள்விகளையும் கேட்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதி சரியான இடத்துக்கு வந்து சேரும்.

முதலில் எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சின்ன காஸ்டிங் என்றால் கனமான கான்கிரீட் சுவர் வைத்த அறைக்குள் எடுப்போம். தூக்கிக்கொண்டு வர முடியாத பெரிய உருப்படி என்றால் ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் போன பிறகு, ராத்திரியில் ஷாப்பிலேயே எடுப்போம். சுற்றிலும் கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டி, சிவப்பு விளக்கு போட்டுவிட்டு, காஸ்டிங்குக்குப் பின்னால் ஃபிலிமையும் அடையாளத்துக்கு ஈய எழுத்துகளையும் ஒட்டுவோம். கதிரியக்கப் பொருள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவு உலோகத் துண்டுதான். அதைக் கேமரா என்று நாங்கள் சொல்லும் கனத்த பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும். தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால், கேபிள் அதைக் குழாய் வழியாகக் காஸ்டிங் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகும். அந்த நிமிடம் கையிலுள்ள, கதிரை அளக்கும் சர்வே மீட்டர் சட்டென்று ஏறும். நேரம் முடிந்ததும் எதிர்ப்பக்கம் சுற்றினால் துண்டு பெட்டிக்குள் திரும்பி வந்துவிடும். உள்ளே வந்து பூட்டு விழுகிற சத்தம் நன்றாகவே கேட்கும். ஆனால் அந்தச் சத்தத்தை நம்பி யாரும் பக்கத்தில் போகக் கூடாது. மீட்டரை முன்னால் நீட்டிப் பிடித்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே போய், பெட்டியின் வாய், குழாய் முழுக்க அளந்து பார்த்த பிறகுதான் ஃபிலிமில் கை வைக்க வேண்டும். உலகத்தில் நடந்த ரேடியோகிராஃபி விபத்துகள் பலவற்றில் இந்த ஒரு படியைத்தான் விட்டிருக்கிறார்கள்.

ஒரு கணக்கைச் சொன்னால் தூரத்தின் அருமை புரியும். 20 கியூரி வலிமையுள்ள இரிடியத்திலிருந்து ஒரு மீட்டரில் மறைப்பில்லாமல் நின்றால் மணிக்கு ஏறக்குறைய 100 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு) விழும். எங்களைப் போன்ற தொழிலாளிக்கு ஆண்டுக்குச் சராசரி வரம்பு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. அதாவது ஒரு மீட்டரில் பன்னிரண்டு நிமிடம் நின்றால் ஒரு வருஷக் கணக்கு தீர்ந்தது. பத்து மீட்டர் தள்ளிப் போனால் அளவு நூறில் ஒரு பங்காகிவிடும், நூறு மீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், ஒரு சென்டிமீட்டரில் பத்தாயிரம் மடங்கு. அந்தத் துண்டை விரலால் எடுப்பவரின் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதற்கு மறுபடியும் வருகிறேன்.

ஒரு ராத்திரி கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் அண்ணன் துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். "ஏனுங்க தம்பி, இது போதுங்களா, ரெண்டாப் போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டார். "துணி வேண்டாங்ணா. அக்கட்டால கேட்டுக்கிட்டப் போயி நின்னுக்குங்க, அது போதும்" என்றேன். இரிடியம் வீசும் காமா கதிர் துணியைச் சட்டை செய்யாது. எக்ஸ்ரே ரூமில் போடும் ஈய ஏப்ரனைக்கூட இரிடியத்தின் கதிர் சுலபமாகத் தாண்டிவிடும். அதைப் பாதியாகக் குறைக்கவே ஐந்தாறு மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். முகமூடி உதவுவது கதிரியக்கத் தூசி பறக்கிற இடத்தில்தான். எங்கள் வேலையில் தூசி கிடையாது. அந்த அண்ணனுக்குத் தூரமே கவசம்.

சட்டையில் நாங்கள் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜைப் பற்றியும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. அது கதிரைத் தடுக்கும் என்று புதிதாக வரும் பையன்களே நினைக்கிறார்கள். அது எதையும் தடுக்காது. நம் மேல் எவ்வளவு பட்டது என்று பதிவு செய்யும், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை லேபுக்குப் போய்க் கணக்கு வரும். 'இன்னைக்கு பேட்ஜ் எடுத்துட்டு வரல, சும்மா ஒரு ஷாட்டுதானே' என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவரை உள்ளே விடக் கூடாது. பேட்ஜைக் கழற்றி கேமரா பக்கத்திலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதும் தப்புதான். அப்புறம் யாருக்கும் படாத கதிர் அவர் பேரில் ஏறும், விசாரணை வரும்.

பால், வாழைப்பழம், வெல்லம் சாப்பிட்டால் கதிர் கழிந்துவிடும் என்ற நம்பிக்கையும் ஷாப்பில் உண்டு. சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் உடம்பைத் தாண்டிப் போன கதிரைக் கழுவ எந்தப் பண்டமும் கிடையாது, கழுவுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமும் இருக்காது.

இந்த வேலையில் இருக்கிற மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள், குழந்தை பிறக்காது என்று. என் ஜாதகம் போன இடத்திலும் இதைக் கேட்டார்கள். ஆணுக்குத் தற்காலிகமாக விந்தணு குறையவே ஒரே தடவையில் சுமார் 150 மில்லிகிரே பட வேண்டும். நிரந்தரமாகப் போக அதைப் போல இருபது மடங்குக்கு மேல். காமா கதிருக்கு மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் ஏறத்தாழ ஒன்றுதான். எங்களுக்கு ஒரு வருஷம் முழுக்கப் பரவலாக அனுமதிப்பதே 20. பேட்ஜ் கணக்கை எடுத்து மாமனார் கையில் கொடுத்தேன், படித்துப் பார்த்தார், பேச்சு அதோடு முடிந்தது. பெண்கள் இந்த வேலையில் இருந்தால் கர்ப்பம் என்று தெரிந்த உடனே மேலிடத்தில் சொல்லிவிட வேண்டும். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு வரம்பு மிகக் குறைவு, 1 மில்லிசீவர்ட்தான்.

அடுத்து என் அத்தை விஷயம். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதவே உட்கார்ந்தேன்.

கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார் அத்தை. மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோவையில் ரூம் எடுத்துத் தங்கி வைத்துக்கொண்டார், சனி ஞாயிறு வீட்டுக்கு வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது அத்தை திண்ணைக்கு அந்தப் பக்கம் தனிக் கட்டிலில் படுத்திருந்தார். தட்டு தனி, டம்ளர் தனி, துணி துவைக்கும் கல் தனி. நான்கு வயதுப் பேரனை அம்மிச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யாரோ ஒரு ஒறம்பரை (சொந்தக்காரர்), "கரண்ட் வெச்ச ஒடம்புல இருந்து கதிர் அடிக்கும், கொழந்தைய கிட்ட விட்றாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். அத்தையும் அதை நம்பி, தானாகவே ஒதுங்கிக்கொண்டார். "எனக்கு வந்தது போதுஞ் சாமி, புள்ளைக்கு வேண்டாம்" என்றார். அந்த வயதில், அந்த நோயில், பேரன் முகம் பார்க்காமல் படுத்திருப்பது நோயைவிடக் கொடுமை. எனக்கு வயிறு எரிந்தது.

மச்சான் வீட்டுக்காரி நல்ல படித்த பெண். அதற்கும் சந்தேகம். "ஏனுங்ணா, சுத்தமா இருக்காதுங்களா? கொஞ்சங்கூட?" என்று கேட்டது. நான் கேட்டேன்: "கரண்ட் வைக்கிற ரூமுக்குள்ள நீ எட்டிப் பார்த்திருக்கியாம்மிணி? மிஷின் ஓடும்போது அந்த டெக்னீஷியன் பொண்ணு வெளிய நிக்குமா, உள்ள நிக்குமா?" வெளியே என்றது. "மிஷின் நின்ன உடனே?" அத்தையே பதில் சொன்னார்: "ஓடி வந்து என்னையப் புடிச்சு எந்திரிக்க வெச்சு, சீலையச் சரி பண்ணி உடும் கண்ணு, தங்கமான புள்ள." அந்தப் பெண் ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகளைத் தொட்டுப் படுக்க வைத்து எழுப்பி விடுகிறது! நோயாளி உடம்பில் கதிர் தங்குவதாக இருந்தால் முதலில் அது அல்லவா கிட்டே வராமல் இருக்கும்? இதைச் சொன்னதும்தான் வீட்டில் பேச்சு மாறியது. எண்களைச் சொல்லியிருந்தால் இவ்வளவு சீக்கிரம் எடுபட்டிருக்காது.

இதில் ஒரே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். டார்ச் வெளிச்சம் மேலே பட்டால், அணைத்ததும் போய்விடும். மஞ்சள் தூள் மேலே கொட்டினால், தட்டிக் கழுவும் வரை ஒட்டியிருக்கும், தொட்டவர் கையிலும் ஒட்டும். வெளியிலிருந்து மிஷின் மூலம் வைக்கும் கரண்ட் முதல் வகை. மிஷின் நின்ற கணமே எல்லாம் முடிந்தது. அத்தையின் தோலில் கறுப்பும் எரிச்சலும் அசதியும் இருந்தது உண்மை. அது சிகிச்சையின் விளைவு. இன்னொருவருக்குத் தொற்றுவதற்கு அதில் ஒன்றுமில்லை. அன்றைக்குச் சாயங்காலமே மச்சான் பைக் எடுத்துக்கொண்டு போய்ப் பையனைக் கூட்டி வந்துவிட்டான்.

ஆனால் எல்லாச் சிகிச்சைக்கும் இதே பதிலைச் சொல்லிவிட முடியாது. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின்-131 குடிக்கக் கொடுப்பார்கள். அது உடம்புக்குள் இருந்து கதிர் வீசும், சிறுநீர், வியர்வை, எச்சில் வழியாக வெளியே வரும். அதன் அரைவாழ்வு எட்டு நாள், அதாவது எட்டு நாளுக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும். அந்த நோயாளியை ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் ஒட்டாமல் இருக்க வேண்டும், பாத்திரம், படுக்கை, கக்கூஸ் தனியாக இருப்பது நல்லது. பெட் ஸ்கேன், எலும்பு ஸ்கேனுக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களும் அன்றைக்குச் சில மணி நேரம் கைக்குழந்தையைத் தூக்காமல் இருக்கச் சொல்வார்கள். கர்ப்பப்பைப் புற்றுக்கு உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் சிகிச்சையில், பெரும்பாலும் இப்போது கதிரியக்கத் துண்டு உள்ளே போய்ச் சில நிமிடத்தில் மிஷினுக்கே திரும்பிவிடும். அதற்கும் நாங்கள் பயன்படுத்தும் அதே இரிடியம்தான். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "கதிர் வெளியில இருந்து வருதுங்களா, மருந்தா உள்ள போகுதுங்களா? உள்ளே போனா எத்தனை நாளைக்கு, யாரை விட்டுத் தள்ளி இருக்கணும்?" பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஊரில் ஆளுக்கொன்று சொல்லும்போது காட்ட உதவும்.

ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருக்கும் இதே சந்தேகம் வேறு உருவில் வந்தது. மசாலாப் பொடிகளில் கிருமி, பூச்சி போக கோபால்ட்-60 காமா கதிர் காட்டும் ஆலைகள் நம் நாட்டில் உண்டு. நாசிக் பக்கம் லாசல்காவில் வெங்காயம் முளைக்காமல் இருக்கவும் காட்டுகிறார்கள். அந்தப் பொடி கதிரியக்கமாகிவிடுமா என்று கேட்டார். ஆகாது. கதிர் தாண்டிப் போகிறது, கோபால்ட் துண்டு மூடிய உறைக்குள்ளேயே இருக்கிறது. ஆஸ்பத்திரி சிரிஞ்சும் கையுறையும் பல இதே வழியில் சுத்திகரிக்கப்பட்டு வருகின்றன.

நம்மைச் சுற்றிலும் எப்போதும் கொஞ்சம் கதிர் இருக்கிறது என்பதே பலருக்குப் புதுச் செய்தி. மண், பாறை, காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு, வானத்திலிருந்து வருவது எல்லாம் சேர்ந்து ஒரு மனிதருக்கு உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் மட்டும் நொடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் தோரியம் கலந்த மணல் இருப்பதால், சில இடங்களில் இந்தச் சராசரியைவிடப் பல மடங்கு அளவு. அங்கே பல ஆண்டுகள் மக்களைப் பதிவு செய்து தொடர்ந்து பார்த்ததில் அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

சரி, அணு உலைக்கு வருவோம். 2012-ல் கோவை, திருப்பூர்ப் பக்கம் கரண்ட் இல்லாமல் தறிகள் கிடந்த கிடை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கூடங்குளத்தில் போராட்டம் உச்சத்தில் இருந்ததும் அப்போதுதான். பல்லடத்தில் தறி போட்டிருக்கும் மாமா ஒருவர், தறி ஓட வேண்டும் என்ற வெசனம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கமாக இருந்தார். "ஏம் மாப்ள, அங்க அணுகுண்டு மாதிரி வெடிச்சா பல்லடம் மிஞ்சுமா?" என்று கேட்டார். அணுகுண்டு மாதிரி வெடிக்காது என்பது உறுதி. குண்டுக்கு 90 சதவீதம் அளவுக்குச் செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். கூடங்குளம் மாதிரி உலைகளில் 5 சதவீதத்துக்குள்தான். 1986-ல் செர்னோபிலில் வெடித்தது நீராவி அழுத்தம், அப்புறம் கிராஃபைட் எரிந்தது. 2011-ல் ஃபுகுஷிமாவில் வெடித்தது ஹைட்ரஜன் வாயு.

இப்படிச் சொன்னதும் "அப்ப ஒண்ணும் ஆகாது" என்று முடித்துவிட்டார் மாமா. அதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருள் உள்ளுக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும். நிறுத்திய நொடியில் முழுத் திறனில் 6, 7 சதவீதம் வெப்பம் இருக்கும், மெல்ல மெல்லத்தான் குறையும். அந்தச் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஓட வேண்டும். ஃபுகுஷிமாவில் சுனாமி வந்து ஜெனரேட்டர்கள் மூழ்கி, தண்ணீர் ஓட்ட மின்சாரம் இல்லாமல் போனதுதான் வினை. கூடங்குளத்தில் மின்சாரம் போனாலும் காற்றோட்டத்தாலேயே சூட்டை வெளியேற்றும் ஏற்பாடும், உருகினால் ஏந்திக்கொள்ளும் அமைப்பும் உண்டு. அவை இருக்கின்றன என்பதோடு திருப்திப்படாமல், ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கிறார்களா, பக்கத்து ஊர் மக்களுக்கு வெளியேறும் ஒத்திகை நடக்கிறதா, எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைக்கிறார்கள் என்றெல்லாம் விடாமல் கேட்க வேண்டும். இடிந்தகரை மீனவர்கள் கேட்ட கேள்விகளை விஷயம் தெரியாத பயம் என்று ஒதுக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. பதில் சொல்ல வேண்டியது உலை நடத்துகிறவர்கள்.

பல்லடம் வரைக்கும் வருமா என்ற கேள்விக்கும் நேரான பதில் உண்டு. கூடங்குளம் இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். காற்றில் கலந்தால் சுவடு வரலாம். செர்னோபில் தூசியை ஸ்வீடனில் கண்டுபிடித்தார்கள், பிரிட்டனில் வேல்ஸ் மலை ஆடுகளுக்கு விதித்த கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது. சுவடு வருவது ஒன்று, ஊரையே காலி செய்கிற அளவு வருவது வேறொன்று. செர்னோபிலில் கடுமையான கதிர் நோய் வந்தது 134 பேருக்கு, எல்லோரும் உலைப் பணியாளர்களும் தீயணைக்கப் போனவர்களும். அவர்களில் 28 பேர் சில மாதங்களில் இறந்தார்கள். ஊர்க்குழந்தைகளை அடித்தது பால். புல்லில் விழுந்த அயோடின்-131-ஐ மாடு மேய்ந்தது, அந்தப் பாலைக் குழந்தைகள் குடித்தார்கள், ஆயிரக்கணக்கான பேருக்குப் பின்னாளில் தைராய்டு புற்று வந்தது. சில வாரம் அந்தப் பாலை நிறுத்தியிருந்தாலே பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். எருமையும் மாடும் வைத்திருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும்: அப்படியொரு நாள் வந்தால் கதவைச் சாத்தி வீட்டுக்குள் இருக்க வேண்டும், மேய விடாமல் கட்டுத்தரையில் பழைய தீவனம் போட வேண்டும், மூடாத தண்ணீரை எடுக்கக் கூடாது, அரசு சொல்வதைக் கேட்க வேண்டும். அயோடின் மாத்திரை தைராய்டை மட்டும், அதுவும் கதிரியக்க அயோடினிலிருந்து மட்டுமே காக்கும். சொல்லும் முன்னால் வாங்கி விழுங்குவதில் பயனில்லை. ஃபுகுஷிமாவில் அவசரமாக ஊரைக் காலி செய்ததிலும் அதன் பின் வந்த அலைச்சலிலும் 2,000 பேருக்கு மேல், பெரும்பாலும் முதியவர்கள், உயிரிழந்தார்கள். பயந்து ஓடுவதும் ஆளைக் கொல்லும்.

செல்போன் டவரையும் உயர்மின் கோபுரத்தையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். இரண்டிலும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கிற கதிர் கிடையாது. மின்கம்பிக்குக் கீழே டியூப்லைட்டைப் பிடித்தால் எரிகிறது என்பது உண்மை, அது மின்புலத்தால் நடப்பது. உயர்மின் கோபுரத்துக்காக நிலம் போன விவசாயி இழப்பீடு கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது, அதற்குக் கதிர்வீச்சைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

நம் ஜனங்களுக்குக் கொஞ்சம்கூடப் பயமே இல்லாத இடம் ஒன்று சொல்கிறேன்: சி.டி. ஸ்கேன். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 மில்லிசீவர்ட்டோ அதற்கும் குறைவோதான். வயிற்று சி.டி. ஒன்றுக்கு 10 மில்லிசீவர்ட் அளவுக்குப் போகும். தேவை என்றால் தயங்காமல் எடுங்கள், அது உயிரைக் காக்கும். ஆனால் தலைவலிக்குத் தாங்களே போய் "ஒரு ஸ்கேன் எடுத்துருங்க டாக்டர்" என்று கேட்பதும், போன மாதம் எடுத்த படத்தை வீட்டில் போட்டுவிட்டு வேறு ஆஸ்பத்திரியில் மறுபடி எடுப்பதும் வேண்டாம். படம், டிஸ்க், ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். குழந்தைகளுக்கு என்றால், அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதுமா என்று கேளுங்கள், இரண்டிலும் இந்தக் கதிர் இல்லை. கர்ப்பிணிக்கு வழக்கமாக எடுக்கும் ஸ்கேன் அல்ட்ராசவுண்ட்தான், அதற்குப் பயந்து தள்ளிப் போட வேண்டாம். மாதவிலக்கு தள்ளிப் போயிருந்தால் எக்ஸ்ரே டெக்னீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, நான் நிஜமாகவே பயப்படும் இடம்: பழைய இரும்புக் கடை.

கோவைக்குக் கிழக்கே ஒரு கடையிலிருந்து தெரிந்தவர் போன் செய்தார். மூடிய ஆலை ஒன்றின் சாமான்களோடு வந்த ஒரு உருளை, பார்க்கச் சின்னது, இரண்டு ஆள் சேர்ந்தாலும் அசையவில்லை, உள்ளே ஈயம் இருக்கும்போல, கேஸ் கட்டிங் போட்டுப் பிளக்கலாமா என்று கேட்டார். மேலே ஏதோ காற்றாடி மாதிரி மூன்று இறக்கை படம் தேய்ந்து தெரிகிறது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டர் வைக்காதீர்கள், எல்லோரும் ரோட்டுக்குப் போய்விடுங்கள், யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, எங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் தகவல் சொல்லி, அவரோடு மீட்டர் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டிலிருந்தே அளந்துகொண்டு போனோம். ரோட்டில் காட்டிய அளவுதான் உருளை அருகிலும் காட்டியது. உள்ளே துண்டு இல்லாத வெறும் ஈயக் கலம். விஷயத்தை முறைப்படி மேலே தெரிவித்து எடுத்துப் போகச் செய்தோம். நாங்கள் போவதற்கு முன் கடைப் பையன்கள் அதை உருட்டி, தட்டி, மூடியில் கம்பி விட்டு நெம்பியும் பார்த்திருந்தார்கள்.

உள்ளே துண்டு இருந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 2010-ல் டெல்லி மாயாபுரி இரும்புச் சந்தையில், ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய கருவியைப் பிரித்தபோது கோபால்ட்-60 வெளியே வந்தது. ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். 1987-ல் பிரேசிலின் கொயானியாவில் கைவிட்ட ஆஸ்பத்திரிக் கருவியிலிருந்து சீசியம்-137 பொடி வெளிவந்தது. இருட்டில் நீலமாக ஒளிர்கிறது என்று வீடு வீடாகப் பகிர்ந்துகொண்டார்கள், ஒரு சிறுமி உட்பட நால்வர் இறந்தார்கள். 1999-ல் பெருவில் ஒரு வெல்டர் கீழே கிடந்த இரிடியத் துண்டை எடுத்துப் பின் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சில மணி நேரம் வேலை பார்த்தார். காலையே எடுக்க வேண்டி வந்தது. 2008-ல் பிரான்சுக்குப் போன லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 இருந்தது, அந்த இரும்பு போனது இந்தியாவிலிருந்து. ஃபர்னஸில் ஒரு துண்டு விழுந்தால் அந்த ஹீட் (ஒரு தடவை உருக்கிய இரும்பு) முழுக்கப் பாழ், புழுதியும் கசடும் சேர்த்து. இங்கே எத்தனை ஃபவுண்டரிகள் பழைய இரும்பை உருக்குகின்றன என்று உங்களுக்கே தெரியும். எடைமேடை வைத்திருப்பவர் பக்கத்திலேயே ஒரு கதிர் உணரியும் வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பெரிய ஆலைகளில் கேட்டிலேயே இருக்கிறது.

இரும்புக் கடைக்காரர்களும் ஃபர்னஸ் ஆட்களும் கவனிக்க வேண்டியது இது. அளவுக்கு மீறிய கனம், ஈயமோ வேறு கனத்த உலோகமோ சுற்றிய சின்ன கலம், மஞ்சளில் மூன்று இறக்கைச் சின்னம், சிவப்பு முக்கோணத்தில் மண்டையோடும் ஓடும் மனிதனும் உள்ள புதுச் சின்னம், இவற்றில் எது கண்ணில் பட்டாலும் திறக்காதீர்கள், வெட்டாதீர்கள். பளபளவென்று சின்ன உலோகத் துண்டு, சங்கிலி முனை மாதிரி இருந்தால் கையால் எடுக்கவே எடுக்காதீர்கள், பாக்கெட்டில் போடாதீர்கள். எல்லோரையும் குறைந்தது ஐம்பது மீட்டராவது தள்ளி நிறுத்திவிட்டு 112-க்கோ கலெக்டர் ஆபீசுக்கோ சொல்லுங்கள். அவர்கள் வழியாக அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் போகும், கல்பாக்கத்திலும் அரக்கோணத்திலும் இதற்குப் பயிற்சி பெற்ற குழுக்கள் இருக்கின்றன. உடைந்து பொடி வெளியே வந்திருந்தால், அங்கே இருந்தவர்கள் வீட்டுக்குப் போய்விடாமல் ஒரே இடத்தில் தனியாக இருக்க வேண்டும். சட்டையைக் கழற்றிப் பையில் கட்டி வைத்துவிட்டு, கை முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதற்கு முன்னால் பீடி, டீ, வெற்றிலை எதுவும் வாயில் வைக்கக் கூடாது.

தொட்டவர் யார், எத்தனை நேரம், எந்தக் கையால் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். கதிர்ப் புண் தீப்புண் மாதிரி உடனே சுடாது. முதலில் ஒன்றுமே தெரியாது, அல்லது சில மணி நேரத்தில் வாந்தி வரும். தோல் சிவப்பதும் கொப்புளம் வருவதும் பல நாள் கழித்துத்தான். அப்போது டாக்டரிடம் போனால் பூச்சிக்கடி என்றோ அலர்ஜி என்றோ நினைத்துக் களிம்பு எழுதிக் கொடுப்பார், அவர் மேல் குற்றமில்லை. பெருவிலும் பிரேசிலிலும் முதலில் அப்படித்தான் வேறு ஏதோ என்று நினைத்தார்கள். அதனால் வாயைத் திறந்து, "இன்ன தேதியில இப்படியொரு உலோகத்தைத் தொட்டேனுங்க" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.